நீளமூக்கனின் பின்சீட்டு

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலமும் உன் முழங்காலின் நலமும் அறிய ஆவல். போனில் பேசினால் நீ சொல்வதில் பாதியை வழியிலேயே யாரோ முழுங்கிவிடுகிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் திட்டிவிடு, பிறகு மேலே படி. போன லீவில் ஊருக்கு வந்தபோது ஒரு பழைய கார் வாங்கினேன். நீளமூக்கன். சின்ன வயதில் தெருவில் போனால் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்போமே, அதே மாடல். அடுத்த வாரம் லாரியில் ஏற்றி உன் வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அத்தானின் தையல்கூடம் சும்மாதானே கிடக்கிறது.

புத்தி கெட்டுவிட்டதா என்று கேட்பாய். இங்கே நிலைமை அப்படி. பாங்கில் போட்ட பணம் வெயிலில் வைத்த ஐஸ்கட்டியாகக் கரைகிறது. எங்கள் உதிரிபாகக் கிடங்கில் ஆளுக்கு ஒரு வழி தேடுகிறார்கள், ஒருவன் தங்கம் என்கிறான், ஒருவன் நிலம் என்கிறான். நான் நம் ஊரில் பழைய கார் சேர்ப்பவர்களின் சங்கத்தில் சேர்ந்துவிட்டேன். இந்த மாடலை இனி யாரும் செய்யப்போவதில்லை, விலை ஏறிக்கொண்டேதான் போகும் என்கிறார்கள். பொழுதுபோக்குக்குப் பொழுதுபோக்கு, முதலுக்கு முதல்.

சில நிபந்தனைகள் உண்டு. துணியால்தான் மூட வேண்டும், பிளாஸ்டிக் போட்டால் உள்ளே வியர்க்கும். வாரம் ஒருமுறை மெக்கானிக் வந்து எஞ்சினை ஓடவிடுவார். சீட்டுகளைக் கழுவாதே, தைக்காதே, பிரிக்காதே. நீ தையல்காரி, கை சும்மா இருக்காது என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். பழைய தையல் பழையபடியே இருந்தால்தான் இந்தக் கூட்டத்தில் மதிப்பு. முக்கியமாகப் பின்சீட்டில் யாரையும் உட்காரவிடாதே.

இன்னொன்று. இனிமேலாவது வாசல் கேட்டைப் பூட்டு.

அவளும் குழந்தையும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

உன் தம்பி


ஜனவரி 30

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம் என்றால் நான் ஒருத்திதான், நான் சுகம். முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது. உன் மனைவிக்கும் குட்டிப்பெண்ணுக்கும் என் அன்பு.

உன் நீளமூக்கன் மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்கினான். தெருவே கூடிவிட்டது. இறக்குவதற்குள் லாரிக்காரர் மூன்று தடவை தண்ணீர் வாங்கிக் குடித்தார். எதிர்வீட்டு டீச்சர், "கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவீங்களா?" என்று கேட்டாள். "முதல்ல அது நகருதான்னு பாக்கலாம்" என்றேன்.

துணி வெட்டும் மேஜையைச் சுவரோரம் தள்ளிவிட்டு அந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறோம். மெஷின்களை விற்று எத்தனையோ காலமாகியும் கூடத்தில் புதுத்துணி வாசனை போகவில்லை. இப்போது பெட்ரோல் வாசனையும் சேர்ந்துகொண்டது. உறையை நானே தைத்துவிட்டேன், முரட்டுத் துணியில். டேப்பை எடுத்து அளந்தால் மூக்கு நீளம், பின்புறம் பெருத்தது, இடுப்பு என்று ஒன்று கிடையவே கிடையாது. இப்படி ஓர் உடம்புக்கு உன் அத்தான்கூடத் தைத்திருக்கமாட்டார்.

ஒரு பின்கதவின் கைப்பிடி மட்டும் கறுப்பாக இருக்கிறது, மற்றவை பளபளப்பு. மெக்கானிக் ஜோடி சேர்த்துத் தருகிறேன் என்கிறார். மாற்றட்டுமா?

அது போகட்டும். இத்தனை நிறம் இருக்க உனக்குச் சாம்பல் நிறம்தான் கிடைத்ததா? அவரை அழைத்துப் போனதும் ஒரு சாம்பல் நிறக் கார் என்று நீதான் சொன்னாய். நான் அடுப்படியில் இருந்தேன். வாசல்படியில் உட்கார்ந்து பார்த்தவன் நீ. வேலைநிறுத்தக்காரர்களுக்கு அவர் கொடி தைத்துக் கொடுத்த வாரம் அது. "பெரியவர் ஒருத்தருக்கு அளவெடுக்கணும், வாங்க" என்றார்களாம். கழுத்தில் டேப்போடு போனார். பதினெட்டு வருஷமாகிவிட்டது. எந்த அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாலும் அப்படி ஒரு ஆளே இங்கே வரவில்லை என்றுதான் சொன்னார்கள்.

கேட்டைப் பற்றி இனி எழுதாதே. "கேட்டப் பூட்டிடாத, டீ ஆறதுக்குள்ள வந்துடறேன்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டுப் போனவர், திரும்பி வந்து பூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க நான் விடமாட்டேன். திருடன் வந்தால் வரட்டும். உன் மாப்பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போவதற்குள் அவனுக்கு நாக்குத் தள்ளிவிடும்.

அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். நாற்றம் தாங்காது, ஆனால் கேட்கும்.

சாம்பல் நிறத்துக்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அந்தக் கம்பெனி அதிகம் செய்தது அந்த நிறம்தான். நீ மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. கைப்பிடியை மாற்றவே கூடாது. மெக்கானிக்கிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடு.

சங்கத்து ஆட்களைப் பற்றிச் சொன்னால் சிரிப்பாய். காரைப் பார்ப்பதற்கு முன் அதன் பூர்வீகத்தைக் கேட்பார்கள். யார் முதலில் வைத்திருந்தார், யாருக்கு விற்றார், மழைக்காலத்தில் எந்தக் கொட்டகையில் நின்றது என்று ஜாதகமே எழுதிவிடுவார்கள். நம்முடையது ஒரு கோழிப்பண்ணைக்காரரிடம் இருந்து, பிறகு ஒரு பள்ளிக்கூடத்து மேனேஜரிடம் இருந்து என் கைக்கு வந்தது. கோழிப்பண்ணைக்கு முன்னால் ஏதோ அலுவலகத்து வண்டி. அதற்கு மேல் தெரியவில்லை.

இன்னொரு நீளமூக்கன் வருகிறான். இவன் வெள்ளை, உனக்குக் கண்ணுக்குக் குளிர்ச்சி. விலை இறங்கியிருக்கும்போது வாங்கிப் போடுவதுதான் புத்திசாலித்தனம். இங்கே சம்பளம் பாதிப் பாதியாக வருகிறது. காகிதத்தை நம்பிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் ஏராளம். இரும்பு எங்கே போய்விடும்?

பின்சீட்டு விஷயம் நினைவிருக்கட்டும்.

உன் தம்பி


ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சுகம்தான். விரலில் சின்னக் காயம், அதனால் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். தையல்காரி விரலில் ஊசி ஏறுவது ஒன்றும் ஊரில் நடக்காததல்ல.

வெள்ளைக்காரன் வந்து சேர்ந்தான். இவனுக்கும் உறை தைத்தாகிவிட்டது.

மெக்கானிக் ஒன்று சொன்னார். சாம்பல் வண்டியில் ஓட்டுபவர் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடி, பின்னால் வரும் சாலையைப் பார்க்காமல் பின்சீட்டைப் பார்க்கிற மாதிரி திரும்பியிருக்கிறதாம். ஒவ்வொரு வாரமும் நேராக வைக்கிறார். எஞ்சின் ஓட ஓட அது அதிர்ந்து அதிர்ந்து பழைய இடத்துக்கே போய்விடுகிறது. "ரொம்ப நாள் அப்படியே பழகிடுச்சும்மா" என்றார். நானும் முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். பின்சீட்டின் நடுப்பகுதி முழுசாகத் தெரிகிறது.

கோழிப்பண்ணைக்கு முன்னால் அது எந்த அலுவலகத்து வண்டி? தெரிந்தால் எழுது. தெரியாவிட்டாலும் விசாரித்து எழுது.

தைலம் வந்தது. நாற்றத்தில் முழங்காலே பயந்துபோய் நேராகிவிட்டது.

அக்கா


ஏப்ரல் 23

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். விரல் ஆறிவிட்டதா? எந்த விரல் என்று நீ எழுதவே இல்லை.

இங்கே ஒரு வாரம் பாங்குகளை மூடி வைத்தார்கள். கதவுக்கு வெளியே ஜனங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கிடங்கில் ஆள் குறைக்கப்போவதாகப் பேச்சு. ஆனாலும் கையில் இருந்ததைப் போட்டு மூன்றாவது வண்டியையும் வாங்கிவிட்டேன், பச்சை. அதுவும் நீளமூக்கன்தான். ஏன் எல்லாம் ஒரே மாடல் என்று நீ கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: ஒன்று வைத்திருந்தால் பைத்தியக்காரன், மூன்று வைத்திருந்தால் சேகரிப்பாளன்.

மெக்கானிக் போன் செய்தார். சாம்பல் வண்டியின் பின்சீட்டில் யாரோ தினமும் உட்கார்ந்து எழுந்த மாதிரி குழி விழுந்திருக்கிறதாமே. யார் அக்கா? வீட்டு வேலைக்கு வரும் பெண்ணா? நான் அத்தனை தடவை சொல்லியும் இப்படியா? அந்தத் தோல் ரொம்பப் பழசு, மடிப்பெல்லாம் விட்டுவிடும். தயவுசெய்து அந்தப் பக்கம் யாரையும் விடாதே. நீயும் போகாதே.

பழைய சொந்தக்காரர்களை எல்லாம் தேடிக்கொண்டிருக்க இப்போது நேரம் இல்லை.

உன் தம்பி


மே 20

அன்புத் தம்பிக்கு,

சுகம். பின்சீட்டில் உட்காருவது பூனை. கொஞ்சம் கனத்த பூனை. விரட்டினால் போக மாட்டேன் என்கிறது, நான் என்ன செய்யட்டும்?

பச்சையன் வந்தான். உறை போட்டு மூன்றும் வரிசையாக நிற்கும்போது, யாரோ தலையோடு போர்த்திக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. விளக்கைப் போடாமல் உள்ளே போனால் எனக்கே ஒரு நிமிஷம் திக்கென்கிறது. மாலை நாலு மணிக்குக் காற்று எழும்பி வாசல் கேட் ஒரு தடவை திறந்து மூடும். அது எப்போதும் உள்ளதுதான். எழுந்துபோய்ப் பார்ப்பதும் எப்போதும் உள்ளதுதான்.

உங்கள் சங்கத்தில் ஒரு பல் டாக்டர் இருக்கிறாராமே, அவர் வந்தார். நல்ல மனிதர், ஆனால் பல்லைப் பார்க்கிற புத்தி போகவில்லை. மூடியைத் தூக்கி டார்ச் அடித்து, சின்னக் கம்பியால் தட்டித் தட்டிப் பார்த்தார். "வலிக்குதா?" என்று கேட்காததுதான் பாக்கி. மூன்றிலும் சாம்பல்தான் வேண்டும் என்றார், மற்ற இரண்டையும் சேர்த்தால் வரும் விலையை அது ஒன்றுக்கே தருவாராம். வாங்கினால் சீட்டுகளைப் பிரித்துவிட்டுப் புதுத் தோல் போட்டுக்கொள்வாராம். சொல்லிக்கொண்டே பின்சீட்டு இடுக்கில் கையை விட்டார். "கைய எடுங்க" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, மனிதர் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டார்.

தம்பியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று டீ கொடுத்து அனுப்பினேன்.

அக்கா


ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. வேலை போய்விட்டது. எனக்கு மட்டுமல்ல, கிடங்கையே மூடிவிட்டார்கள். வாடகை கொடுக்க முடியாது, குழந்தையின் பள்ளிக்கூடமும் நின்றுவிடும். ஊருக்குத் திரும்பலாம் என்றால் மூன்று பேருக்கு டிக்கெட் வேண்டும், வந்து ஏதாவது ஆரம்பிக்கக் கையில் கொஞ்சம் வேண்டும். இரும்பு எங்கே போய்விடும் என்று எழுதினேன். இப்போது அதுதான் போகப்போகிறது.

வெள்ளையையும் பச்சையையும் பல் டாக்டருக்கே கொடுத்துவிடு. பேரம் பேசிப் பார், உன்னிடம் அவர் பயப்படுவார் என்று தோன்றுகிறது.

சாம்பல் வேண்டாம். அவர் இரண்டு மடங்கு கொடுத்தாலும் வேண்டாம். அது இன்னும் விலை ஏறும்.

உன் தம்பி


ஜூலை 10

தம்பி,

இரண்டையும் கொடுத்தாகிவிட்டது. பணத்தை அனுப்பியிருக்கிறேன். டிக்கெட்டுக்கே போதாது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாம்பலைக் கொடுத்தால் போதும், மிச்சமும் வரும். தலைக்கு மேல் வெள்ளம் போகும்போது எந்த வியாபாரியும் விலை ஏறட்டும் என்று உட்கார்ந்திருக்க மாட்டான். சின்ன வயதிலிருந்தே உனக்குப் பொய் சொல்ல வராது. அதனால் நான் பேசிவிடுகிறேன்.

தொடாதே என்றால் தொடாமல் இருக்கிற ஆளா நான்? மார்ச் மாதமே பின்சீட்டு மடிப்பில் கையை விட்டுப் பார்த்தேன். விரலில் ஏறியது அங்கே இருந்த ஊசிதான்.

தையலின் ஓரத்தில், வெளியே தெரியாதபடி ஆழமாகக் குத்தியிருந்தது. நூலை எட்டு மாதிரி சுற்றி, நுனியை உள்ளே சொருகி. அவர் காலருக்குக் கீழே தினமும் குத்தி வைத்துக்கொள்கிற அதே மாதிரி. அந்த நூல் நீலம், இப்போது வெளுத்திருக்கிறது. அவருக்குக் கிட்டத்தில் பார்வை மங்கல், ஊசி கோர்த்துக் கொடுப்பது என் வேலை. அன்று காலை பள்ளிக்கூடத்துச் சட்டைகளுக்காக நீல நூல் கோர்த்துக் கொடுத்தேன். நான் கோர்த்த ஊசி எனக்குத் தெரியாதா?

எடுக்கவில்லை. திரும்ப அதே இடத்தில் குத்தி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்குப் போய் அதன் பக்கத்தில் உட்காருகிறேன். பூனை நான்தான். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீயும் அதைப் பற்றி ஏதாவது பேசுவாய், பேசினால் அது முடிந்த விஷயமாகிவிடும் என்று பயந்தேன்.

ஆனால் கைப்பிடியை மாற்றாதே, மடிப்பைத் தொடாதே என்று நீ எழுதியதை எல்லாம் திரும்ப எடுத்துப் படித்தேன். உனக்கும் தெரிந்திருக்கிறது. ஊசி மட்டுமல்ல, அதற்கு மேலும் தெரிந்திருக்கிறது.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அன்று இந்த வண்டி எங்கே போய் நின்றது? பதில் எழுதுவதாக இருந்தால் எழுது. தைலம், கிய்லம் என்று காதில் பூச்சுற்றுவதாக இருந்தால் எழுதாதே.

அக்கா


செப்டம்பர் 3

அக்கா,

நலமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. எழுதி எழுதிக் கிழித்ததில் இத்தனை நாளாகிவிட்டது.

ஊசி இருப்பது தெரியும். வண்டியை வாங்குவதற்கு முன் நானும் மடிப்பில் கையை விட்டேன். நானும் திரும்ப அங்கேயே குத்தி வைத்தேன்.

நான் சங்கத்தில் சேர்ந்ததே அந்த வண்டிக்காகத்தான். சாம்பல் நிற நீளமூக்கன், ஒரு பின்கதவில் கறுப்புக் கைப்பிடி. வாசல்படியிலிருந்து நான் பார்த்தது அவ்வளவுதான். போலீஸ் மாதிரி விசாரித்தால் யார் வாயைத் திறப்பார்கள்? கார் சேர்ப்பவன் என்று சொல்லிக்கொண்டு போய் வண்டியின் பூர்வீகம் கேட்டால் நாற்காலி போட்டு உட்காரவைத்துச் சொல்கிறார்கள். ஏன் கேட்கிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்து மேனேஜர், கோழிப்பண்ணைக்காரர் என்று ஒருவர் பின் ஒருவராகப் போய், கடைசியில் அந்த அலுவலகத்தில் அப்போது அதை ஓட்டியவரிடம் போய் நின்றேன். தளர்ந்துபோய் மகள் வீட்டில் இருக்கிறார்.

அவரும் முதலில் வண்டியைப் பற்றித்தான் பேசினார். "நல்ல வண்டி தம்பி. ஒரு நாளும் வழியில நின்னதில்ல" என்றார். பிறகு நான் கேட்காமலே சொன்னார்: "அதுல போனவங்கள்ல ஒருத்தர் மட்டும் மனச விட்டுப் போகமாட்டேங்கறாரு. தையக்காரரு. கழுத்துல டேப்போட, ரெண்டு பேருக்கு நடுவுல உக்காந்திருந்தாரு. யாருக்கு அளவெடுக்கணும்னு ரெண்டு தரம் கேட்டாரு. யாரும் பேசல. அப்புறம் அவரும் கேக்கல. கண்ணாடியில என்னையே பாத்துக்கிட்டு வந்தாரு."

வண்டி நின்றது ஊருக்கு வெளியே ஒரு கல்குவாரியில். அப்போதே கைவிட்ட குவாரி. திரும்பும்போது பின்சீட்டில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. நான் அங்கே போய்ப் பார்த்தேன் அக்கா. இப்போது முழுக்கத் தண்ணீர்.

அந்த வண்டியை அன்னியர் கையில் விட மனம் வரவில்லை. உன்னிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அத்தானை வீட்டுக்குக் கொண்டுவர எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அதை மட்டும் அனுப்பினால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் வெள்ளையையும் பச்சையையும் வாங்கி அதன் பக்கத்தில் நிறுத்தினேன். முதலீடு என்று நான் சொன்னது அவை இரண்டுக்கும்தான் பொருந்தும்.

கேட்டைப் பூட்டு என்று எழுதியபோது நான் சொல்ல வந்தது இதைத்தான்.

உன் தம்பி


செப்டம்பர் 22

அன்புத் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறேன். உன் கடிதம் வந்த அன்று சமைக்கவில்லை. மறுநாள் சமைத்தேன், சாப்பிட்டேன்.

அழுதேன். இத்தனை வருஷமும் அழுதால் அவர் வராமல் போய்விடுவாரோ என்று அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அழுது தீர்த்தேன். எதிர்வீட்டு டீச்சர் ஓடிவந்துவிட்டாள். "என்னக்கா ஆச்சு?" என்று கேட்டாள். "எங்க வீட்டுக்காரர் செத்துப்போயிட்டார்" என்றேன். முதல் தடவையாக அதை வாயால் சொன்னேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

சாம்பல் வண்டியைப் பல் டாக்டருக்குக் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அவரை வீட்டுக்குக் கொண்டுவந்ததாக எழுதியிருந்தாய். இல்லைடா. அவரை அங்கே இறக்கிவிட்டு வெறுமனே திரும்பி வந்த வண்டி அது. அதற்கு நான் அளவெடுத்து உறை வேறு தைத்துப் போட்டிருந்தேன்.

சீட்டுகளைப் பிரித்துப் புதுசு போட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டரிடம் சொன்னேன். "அன்னிக்கி கைய எடுங்கன்னு அந்தச் சத்தம் போட்டீங்களே?" என்றார். "அன்னிக்கி சீட்டுல ஆள் இருந்தாங்க டாக்டர்" என்றேன். பாவம், அதற்கப்புறம் அவர் பேரமே பேசவில்லை. வண்டி வாசலைத் தாண்டியபோது நான் கண்ணாடியைத்தான் பார்த்தேன். அது பின்சீட்டையே பார்த்துக்கொண்டு போனது.

ஊசியை எடுத்துக்கொண்டேன். நூல் தொட்டதுமே பொடிந்துவிட்டது. முனை இன்னும் கூராகத்தான் இருக்கிறது. புது நூல் கோர்த்து வைத்திருக்கிறேன், இப்போது எனக்கும் கிட்டத்தில் மங்கல், கோர்க்க வெகுநேரம் பிடித்தது.

பணத்தை அனுப்பிவிட்டேன். மூன்று டிக்கெட் எடு. தையல்கூடம் காலியாக இருக்கிறது, உனக்குத் தெரிந்த உதிரிபாகக் கடையை அங்கேயே போட்டுக்கொள். வந்ததும் முதலில் என்னை அந்தக் குவாரிக்குக் கூட்டிப் போ.

வாசல் கேட்டுக்குப் பூட்டு வாங்கினேன். நேற்று நாலு மணிக்குக் காற்று எழும்பி கேட் ஆடியது. பூட்டு இடித்ததால் சத்தம் வேறு மாதிரி இருந்தது. நான் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.

பூட்டோடு இரண்டு சாவி கொடுத்தார்கள். ஒன்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். தொலைத்துவிடாதே.

அக்கா